ரத்த வகையா, மரபணுவா, இஞ்ச் டேப்பா? உணவு ஆலோசனைக்கு ஆட்களைப் பிரிக்கும் வழிகள்

எல்லோருக்கும் ஒரே டயட் சார்ட் சரிப்படாது என்பதில் இன்று தகராறு இல்லை. ஆட்களை எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் தகராறு. ரத்த வகை, மரபணு, சர்க்கரை சென்சார் (உடலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் கருவி), இடுப்பளவு, அன்றாடச் சாப்பாடு என்று ஆளுக்கொரு அளவுகோலோடு வருகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே கேள்வியால் எடைபோடலாம்: நான் வேறு பிரிவில் இருந்திருந்தால் எனக்குக் கிடைக்கும் ஆலோசனை மாறியிருக்குமா, அதனால் பலனும் மாறியிருக்குமா?

ரத்த வகை இந்தக் கேள்வியிலேயே அவுட். ஓ வகைக்கு இறைச்சி, ஏ வகைக்குச் சைவம் என்ற பேச்சு 1990களில் அமெரிக்காவில் பிரபலமானது. டொராண்டோவில் 1455 பேரை வைத்துச் சோதித்த ஆய்வு 2014இல் வந்தது. ஏ வகைக்குச் சொன்ன காய்கறிச் சாப்பாட்டை ஒட்டி உண்டவர்களுக்கு இடுப்பளவு, ரத்த அழுத்தம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவர்கள் எந்த வகை ரத்தக்காரர்களாக இருந்தாலும் அப்படித்தான்.

மரபணுப் பரிசோதனை இதைவிடக் கனமான போட்டியாளர். எச்சிலை எடுத்து அனுப்பினால் வண்ண வண்ணமாக ரிப்போர்ட் வரும், காசும் கூடுதல். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு, எடை அதிகமான 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மறுபாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் 12 மாதம் பரிந்துரைத்தது. 2018இல் வந்த முடிவில் சராசரி எடைக்குறைவு 5.3 கிலோ, 6.0 கிலோ. பெரிய வித்தியாசமில்லை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. ஆனால் யாருக்கு எந்த உணவு பலிக்கும் என்பதை அவர்கள் பார்த்த மரபணு அமைப்பால் சொல்ல முடியவில்லை. பால் செரிக்குமா போன்ற சில விஷயங்களை மரபணு சொல்லும்தான். அதைச் சொல்ல வயிறே போதும்.

சென்சார் கதை வேறு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேருக்குச் சர்க்கரை சென்சார் மாட்டிப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையை எகிறவைத்தது, இன்னொருவருக்கு அசைக்கவே இல்லை. ஆக, ஆலோசனை உண்மையிலேயே ஆளுக்கேற்ப மாறுகிறது. என் தயக்கம், அது சர்க்கரை ஒன்றை மட்டுமே பார்க்கிறது என்பது. எண்ணெயில் முக்கியெடுத்த பலகாரம் சென்சார் காட்டும் சர்க்கரை அளவை மெதுவாகத்தான் ஏற்றும். அதற்காக அது நல்ல சாப்பாடு ஆகிவிடாது.

இனி இஞ்ச் டேப். சென்னையில் நீரிழிவு மருத்துவர் வி. மோகன் குழு 2005இல் தந்த இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் நான்கே விஷயங்கள்: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்பது. மொத்தம் 100, 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம். செலவே இல்லை. ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 52 வயதுக் கொத்தனார், காலையில் ஓட்டமும் போகிறவர். இடுப்பு 92 செ.மீ., பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை. வயதுக்கு 30, பெற்றோருக்கு 20, இடுப்புக்கு 10, உழைப்புக்கு 0. மொத்தம் 60. இன்னொருவர் 38 வயது ஆண், நாற்காலி வேலை, உடற்பயிற்சி கிடையாது. இடுப்பு 95, குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லை. 20, 30, 10, 0. அவருக்கும் 60! முன்னவரால் முயன்று குறைக்க முடிவது இடுப்பளவின் 10 மதிப்பெண்தான், பின்னவரால் இடுப்பும் உழைப்பும் சேர்த்து 40. யாரைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்று இந்த மதிப்பெண் சொல்லிவிடும், அவரிடம் என்ன சொல்வது என்பதைச் சொல்லாது.

அந்த இடத்தைத்தான் சாப்பாட்டுப் பழக்கத்தை வைத்துப் பிரிப்பது நிரப்புகிறது. ஐரோப்பாவின் 7 நாடுகளில் நடந்த ஃபுட்4மீ ஆய்வில் நான்கு பிரிவுகள்: பொதுவான அறிவுரை, சாப்பாட்டைக் கேட்டுத் தந்த அறிவுரை, அதோடு உடலளவுகளும் ரத்தப் பரிசோதனையும், அதற்கும் மேலே மரபணு. ஆளுக்கேற்ற அறிவுரை பெற்றவர்கள் பொது அறிவுரைக்காரர்களைவிட நன்றாக மாறினார்கள். ஆனால் சாப்பாட்டுக்கு மேல் ரத்தத்தையும் மரபணுவையும் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. என் ஓட்டு சாப்பாட்டைக் கேட்டுப் பிரிப்பதற்குத்தான்.

நம்மூரில் 'சைவமா அசைவமா' என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. வைட்டமின் பி12 குறைபாட்டைச் சந்தேகிக்க அது உதவும், சரி. ஆனால் சாம்பார், ரசம், தயிர் என்று மூன்று ரவுண்டு சோறு போகும் தட்டில் அதைவிட முக்கியமான கேள்விகள் இருக்கின்றன: எத்தனை கரண்டி சோறு, பருப்பு எவ்வளவு, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை டீ, சர்க்கரை போட்டா? நைட் ஷிஃப்ட்காரருக்கும் பகலெல்லாம் கடையில் நிற்பவருக்கும் பதில்கள் வேறு, ஆலோசனையும் வேறு.

ஆக, என் வரிசை இது: முதலில் இடுப்பளவும் மதிப்பெண்ணும், 60 வந்தால் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மூன்று நாள் சாப்பாட்டுக் குறிப்போடு உணவியல் நிபுணர். காசு மிச்சமிருந்தால் இரண்டு வாரம் சென்சார். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்கவேண்டாம். மருந்தின் அளவு அப்படியே இருந்தால் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவது, வந்துவிடலாம்.