‘ஐஸ் கட்டி சப்பவும்’: மதுரையில் ஒரு கீமோ அனுபவம்

சித்தப்பாவுக்குக் கீமோ நடக்கிற ஆஸ்பத்திரி எப்படி என்று வெளிநாட்டுச் சொந்தங்கள் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் கெட்டிக்காரர். ஆபரேஷன் பழுதில்லாமல் முடிந்தது. ஓய்வூதியர் காப்பீட்டுக் காகிதமெல்லாம் சாயங்காலத்துக்குள் தயார். ஒழுங்காக நடந்ததைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நான் சொல்ல வந்தது ஒரு தாளைப் பற்றி.

வழவழவென்று ஏ4 தாள். இரண்டு பக்கமும் கலர் அச்சு, பின்பக்கத்தில் பாதிக்குப் புரோட்டீன் மாவு விளம்பரம். ‘கீமோதெரபி நோயாளிகளுக்கான உணவு முறை’ என்று தலைப்பு. நாலாவது வரி: ‘வாய்ப்புண் வராமல் இருக்க ஐஸ் கட்டி சப்பவும்.’ அதற்குக் கீழேயே, ‘குமட்டலுக்குக் குளிர்ந்த எலுமிச்சைச் சாறு நல்லது.’

சித்தப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி. பக்கத்து நிணநீர் முடிச்சுகளிலும் இருந்ததால் வெட்டி எடுத்த பிறகும் கீமோ வேண்டும் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆக்சாலிபிளாட்டின் ட்ரிப்ஸ். கூடவே கேப்சைட்டபின் மாத்திரை காலையும் இரவும் 14 நாள், அப்புறம் 7 நாள் ஓய்வு. நான் இருக்கும் இங்கிலாந்துப் பர்மிங்காமில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் இதே மருந்துகளை எடுத்தவர்தான், அவரை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போனது பெரும்பாலும் நான். அங்கே முதல் நாளே தலையில் ஏற்றி அனுப்பிய பாடம், ஆக்சாலிபிளாட்டின் ஏறிய சில நாளைக்குக் குளிர்ச்சியான எதையும் தொடக்கூட வேண்டாம் என்பது. ஜில்லென்று குடித்தால் தொண்டை இறுக்கும். பிரிட்ஜுக்குள் கை விட்டால் விரல் நுனியெல்லாம் ஊசி குத்தும்.

நான் மதுரையில் வந்து இறங்கியது முதல் கீமோ ஏறிய மறுநாள் சாயங்காலம். சித்திரை வெயில். அந்தத் தாளைச் சித்தி பிரிட்ஜ் கதவிலேயே திருப்பதி காந்தத்தை வைத்து ஒட்டியிருந்தார். சித்தப்பா ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். அச்சில் வந்தால் அவருக்கு அது பாடம். ஒரு டம்ளர் நிறைய ஐஸ், அதன் மேல் எலுமிச்சைச் சாறு. நான் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குரல் வரவில்லை. மூச்சு உள்ளே போகவில்லை என்று கையால் காட்டுகிறார்.

ஆஸ்பத்திரி பைலின் மேல் இருந்த நம்பருக்கு அடித்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் குரல்: “ஓபி காலையில ஒன்பது மணிக்கு சார். எமர்ஜென்சின்னா கேஷுவாலிட்டிக்கு வந்துருங்க.” எமர்ஜென்சியா இல்லையா என்பதைச் சொல்ல ஆள் வேண்டும் என்றுதானே அம்மா போனே போட்டேன்! சித்தி செருப்பை மாட்டியாயிற்று. தம்பி காரை வெளியே எடுக்கிறான். அப்போதுதான் மாத்திரைப் பையில் இருந்த பில்லைப் பார்த்தேன். அடியில் பேனாவால் ஒரு செல் நம்பர் எழுதியிருந்தது.

எடுத்தவர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருக்கும் மருந்துக்கடையின் பார்மசிஸ்ட். நான் பேரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஐயாவுக்கு ஆக்சாலிபிளாட்டின்தானே? ஐஸ், ஜூஸ் ஏதாச்சும் குடுத்தீங்களா?” அடுத்து, “உதடு, முகம் வீங்கியிருக்கா? உடம்புல தடிப்பு? இழுப்பு?” எதுவும் இல்லை. “அப்பப் பயப்படாதீங்க. அடைச்ச மாதிரி தோணும், நிஜமா அடைக்காது. வெதுவெதுன்னு தண்ணி குடுங்க, ஏசியை அணைச்சிட்டுக் கழுத்துல துண்டைச் சுத்துங்க. கொஞ்ச நேரத்துல விடலைன்னா கூட்டிட்டு வந்துருங்க, நான் கேஷுவாலிட்டில சொல்லி வைக்கிறேன்.” வெந்நீர் உள்ளே போனதும் சித்தப்பாவுக்குக் குரல் வந்துவிட்டது. வந்த குரலில் முதலில் சொன்னது, “தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு?”

மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டோக்கன், காத்திருப்பு, “அட்டெண்டர் ஒருத்தர் மட்டும்” என்ற செக்யூரிட்டி, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டாக்டர் அறையில் கிடைத்தது சில நிமிடம். “குளிர்ச்சி கூடாதுன்னு நான் சொன்னேனே” என்றார். சொல்லியிருக்கிறார்தான், பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆங்கிலம் கலந்து. டே கேர் சிஸ்டர், “நாங்களும் சொன்னோம் சார்” என்றார். அதுவும் உண்மை. கடைசியாக உணவு ஆலோசகர் அறை. பாவம், சின்னப் பெண். தன் மேசையிலிருந்த சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் நோயாளி பெயர், வயது, ‘கீமோ’. அவ்வளவுதான். “எந்த மருந்துன்னு எனக்கு வராது சார். கீமோன்னா இந்தத் தாளைக் குடுக்கணும்.”

இத்தனைக்கும் ஐஸ் சப்பச் சொல்வது தப்பான வைத்தியம் இல்லை. ஃப்ளூரோயுராசில் என்ற இன்னொரு கீமோ மருந்தை நரம்பில் ஒரேயடியாக ஏற்றும் சிகிச்சையில், அந்த நேரத்தில் வாயில் ஐஸ் வைத்திருந்தால் வாய்க்குள் ரத்த ஓட்டம் குறைந்து புண் குறைகிறது. ஆக்சாலிபிளாட்டின் ஏறினவருக்கு அதே ஐஸ் ஆகாது. டாக்டருக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் மருந்தின் பெயரைச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். பார்மசிஸ்டையும் சேர்த்து நாலு பேரும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்ப்பது, நோயாளியோடு வந்தவர் அக்குளில் இடுக்கிய பைல் வழியாகத்தான்.

பர்மிங்காம் பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படி எல்லாரையும் இணைக்கிற வேலைக்கென்றே பெருங்குடல் புற்றுநோய்ச் சிறப்புச் செவிலியர் ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு கார்டு, அதில் 24 மணி நேர நம்பர். கூப்பிட்டால் எடுப்பவர் கையில் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். பேதியா, காய்ச்சலா, வாய்ப்புண்ணா என்று வரிசையாகக் கேட்டு, பதிலுக்குத் தக்கபடி பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் உடனே வா. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. வெள்ளை அணு குறைந்து கிருமி ஏறியிருக்கலாம், மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும் என்பார்கள். நம் வீடுகளில் டோலோ போட்ட பிறகுதான் தெர்மாமீட்டரையே தேடுகிறோம்.

அதற்காக அங்கே தேன் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். புற்றுநோய் சந்தேகம் என்று அவசரமாக அனுப்பினால் 62 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று ஒரு இலக்கு வைத்திருக்கிறார்கள். பல வருஷமாக அதை எட்ட முடியாமல் தவிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொலோனோஸ்கோபிக்கு, அதாவது பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு, தேதி வாங்குவதற்குள் சித்தப்பாவுக்கு இங்கே தையலே பிரித்தாகிவிட்டது.

பார்மசிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவர் கடையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். கீமோ மருந்து வாங்குகிறவர்கள் பேர், மருந்து, வழக்கமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை வயிறு போகும், போன் நம்பர். யாரும் செய்யச் சொல்லவில்லை. சின்ன வயதில் உசிலம்பட்டியில் டாக்டருக்கும் முன்னால் நாம் போய் நிற்போமே, கம்பவுண்டர், சிவப்பு மிக்சரும் அளவு வெட்டி ஒட்டிய காகிதமுமாக, அந்த வம்சத்தில் மிச்சம் இருக்கும் ஆள்.

இரண்டாவது சுற்றில் அவரே போன் செய்தார். சித்தப்பா வழக்கம்போல, “வயிறு லேசா சரியில்லை, வேறொண்ணுமில்லை” என்றார். ஹெட்மாஸ்டர் வாயால் அதற்கு மேல் வராது. “ஐயா, முன்னாடி ஒரு தடவைன்னு சொல்லியிருக்கீங்க. நேத்து எத்தனை?” சித்தி பின்னாலிருந்து, “ஆறு, ராத்திரி ரெண்டு தனி” என்றார். வழக்கத்தைவிட நாலு தடவை கூடினாலே கேப்சைட்டபினை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும்; தொடர்ந்து விழுங்கினால் உடம்பில் தண்ணீர் வற்றி ஐசியூ வரை கொண்டுபோய்விடும். அவர் டாக்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பி, மாத்திரையை நிறுத்தி, பேதியைக் கட்டுப்படுத்தும் லோபரமைடும் ஓஆர்எஸ் பொட்டலமும் கொடுத்தனுப்பி, மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு சிஸ்டரிடம் சொல்லி வைத்தார். நாலு அறைகளும் முதல் தடவையாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டது அவர் செல்போனுக்குள்தான்.

இன்னொரு கூத்து. ஆக்சாலிபிளாட்டினுக்குக் குளிர் ஆகாது, கேப்சைட்டபினுக்குச் சூடு ஆகாது. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியும். சித்தப்பா மீனாட்சி கோயிலுக்கு வேண்டிக்கொண்டார் என்று மத்தியான வெயிலில் வெறுங்காலோடு ஆடி வீதியைச் சுற்றக் கிளம்பினார். சண்டை போட்டு நிறுத்தினோம். இங்கிலாந்தில் இதற்கு யூரியா கிரீம் தடவச் சொன்னார்கள். நம் பார்மசிஸ்ட், “டெல்லி எய்ம்ஸ்ல பண்ண ஆராய்ச்சி இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க” என்றார். கேட்டேன். முட்டி வலிக்குத் தடவுகிறோமே டைக்ளோஃபெனாக் ஜெல், அதைக் கையில் தினம் இரண்டு வேளை தடவிப் பார்த்திருக்கிறார்கள். 264 பேரில் நடந்த ஆய்வு, 2024-இல் வெளியானது. ஜெல் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் தொந்தரவு தருகிற அளவுக்குப் போயிருக்கிறது. மற்றவர்களில் 15 சதவீதம். டாக்டரும் சரி என்று எழுதிக் கொடுத்தார். நூறு ரூபாய் சமாச்சாரம், நம் ஊர்க் கண்டுபிடிப்பு, அதுவும் அந்த வழவழத் தாளில் இல்லை.

“நீங்க லீவு போட்டா யார் சார் போன் எடுப்பாங்க?” என்று கேட்டேன். சிரித்தார். போன மாதம் அக்கா மகள் கல்யாணத்துக்கு ராஜபாளையம் போயிருந்தபோது மண்டபத்திலிருந்தே எடுத்தாராம். சம்பளம் மருந்து விற்பதற்கு. இதெல்லாம் அவர் சுபாவத்துக்கு.

தாளை மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் ஒருவர் பணிவாகத்தான் பேசினார்: “ஐயாயிரம் காப்பி அடிச்சு வச்சிருக்கு சார். தீர்ந்ததும் மாத்திருவோம்.” பர்மிங்காமாக இருந்தால் இதற்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு மின்னஞ்சல் என்று ஆறு மாதம் இழுத்திருக்கும். இங்கே நானும் பார்மசிஸ்டும் டவுன்ஹால் ரோடு பக்கம் போய் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தோம். சாயங்காலமே கையில் கிடைத்தது. ‘ஐஸ், குளிர்ந்த பானம் கூடாது. தொண்டை இறுக்கினால் வெதுவெதுப்பான நீர், உடனே போன்’ என்று இரண்டு வரி, கீழே அவர் நம்பர். ஆக்சாலிபிளாட்டின் பில் வந்தால் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நாலாவது வரி மேலேயே சிவப்பு மையில் குத்தித் திருப்பிக் கொடுக்கிறார். ஐயாயிரத்தில் எத்தனை பாக்கி என்று தெரியாததால் மைப்பெட்டியும் இரண்டாக வாங்கி வைத்துவிட்டு வந்தேன்.