மிதி மிஷினும் லோஞ்சியும்: ரங்கூனில் தையல் பழகிய அனுபவம்

“தையல் பழகணும், எந்த மிஷின் வாங்கட்டும் அக்கா?” என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: கால்மிதி மிஷின் வாங்கு, முதலில் லோஞ்சி, அதாவது பர்மாவில் இடுப்பில் கட்டுகிற கைலி, தை. 2021-க்குப் பிறகு ரங்கூனில் வெளிவேலை குறைந்து வீட்டோடு இருந்த காலத்தில் நான் ஆரம்பித்தேன். இன்று வீட்டில் எல்லாருக்கும் லோஞ்சி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, எனக்கு வேண்டிய எஞ்சி என்கிற பர்மிய மேல்சட்டை, சேலை ரவிக்கை எல்லாம் நானே தைப்பதுதான். எது உழைத்தது, எது தேய்ந்தது, எதற்குக் காசு போடலாம் என்று இப்போது நம்பிக்கையாகச் சொல்ல முடிகிறது.

மிதி மிஷினுக்கு முதல் காரணம் எல்லாருக்கும் தெரிந்த கரண்ட் வெட்டுதான். முறை வைத்து விடுகிற நேரத்தில் உலை வைக்கவும் தண்ணீர் மோட்டார் போடவுமே சரியாக இருக்கும். அப்போது போய்த் தைக்க உட்கார முடியாது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேகம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மோட்டார் வேகம் ஒத்துவராது. மிதியில் கால் நின்றால் ஊசி நிற்கும். கழுத்து வளைவு வந்தால் ஒவ்வொரு தையலாகப் போகலாம். மூலை வந்தால் கையால் சக்கரத்தைச் சுற்றி ஊசியைத் துணிக்குள் இறக்கி, துணியை அழுத்துகிற மிஷின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பலாம். கை எப்படிப் போகிறது என்று கண் பார்த்துப் பழக இந்த நிதானம் வேண்டும்.

என்னுடையது ஷாங்காயில் செய்த பட்டர்ஃபிளை. கறுப்புத் தலை, வார்ப்பிரும்புக் கால், பழசாக வாங்கியது. சிங்கரின் 15-ஆம் வகை மிஷின் அமைப்பில் செய்தது என்பதால் அடிநூல் சுற்றுகிற பாபின், பாபின் கூடு, ஊசி எல்லாம் அனோரதா சாலையில் காளியம்மன் கோவிலை ஒட்டிய தெய்ஞ்சி சந்தைப் பக்கம் சிரமமில்லாமல் கிடைக்கிறது. பழசு வாங்குகிறவர்கள் பெயிண்டையும் பூ வேலையையும் பார்க்க வேண்டாம். சக்கரத்தைக் கையால் சுற்றினால் எங்கும் பிடிக்காமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஊசித்தண்டைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. பாதத்துக்கு அடியில் துணியைத் தள்ளுகிற பல் மழுங்கியிருக்கக் கூடாது. இவை சரியாக இருந்தால் மற்றதெல்லாம் துடைத்து எண்ணெய் விட்டால் வந்துவிடும்.

முதலில் நூல் கோக்காமல், பழைய ஊசியைப் போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டிப் பழகுங்கள். தாள் ஊசியை மழுக்கிவிடும், அதனால்தான் பழைய ஊசி. சக்கரம் எப்போதும் நம் பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் நூல் சிக்கி அறுந்துவிடும். நம் இரண்டு காலையும் மிதியில், ஒன்று சற்று முன்னால் ஒன்று சற்றுப் பின்னால் வைத்தால் அந்தப் பிடி சீக்கிரம் வரும். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகச் சுருண்டால் எல்லாரும் பாபினைத்தான் நோண்டுவார்கள். பெரும்பாலும் குறை மேல்நூலில் இருக்கும்; நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்கு நடுவில் நூல் உட்கார்ந்திருக்காது. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோத்தால் தட்டு விலகி நூல் உள்ளே இறங்கும். பாபின் கூட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டால் கூடு தானாக இறங்கக் கூடாது, லேசாகச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும்.

இனி லோஞ்சி. இந்த ஊரில் தையல் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது என்று நினைக்கிறேன். ஏறக்குறைய இரண்டு மீட்டர் துணி, வெட்டிய இரண்டு ஓரத்தையும் சேர்த்தால் குழாய். மேலும் கீழும் தறியின் கரையே இருப்பதால் பிசிறு போகாது, மடித்தடிக்கவும் வேண்டாம். ஆகவே கவனம் முழுவதையும் அந்த ஒரு நேர்த்தையலில் வைக்கலாம். ஆண்களின் கட்டம் போட்ட லோஞ்சியில் கட்டத்துக்குக் கட்டம் சேர வேண்டும். மேலே சேர்ந்து கீழே வரும்போது நகர்ந்துவிடும். அடித்துணியைப் பல் தள்ளுகிறது, மேல்துணியைப் பாதம் அழுத்தி நிறுத்துகிறது. அதனால் மேல்துணி மெல்ல மிஞ்சிக்கொண்டே வரும். ஒவ்வொரு கட்டத்திலும் குண்டூசி குத்தி, அல்லது கைத்தையலில் ஓடவிட்டுத் தைத்தால் இது நிற்கும். பெண்களின் லோஞ்சிக்கு இடுப்பில் கறுப்புப் பருத்திப் பட்டை வைக்க வேண்டும். அது இரண்டாம் பாடம்: சுற்றளவு இரண்டும் சமமாக இருந்தால்தான் சுருக்கம் விழாது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் தையுங்கள். சார்ஜ் விளக்கில் கண்தான் கெடும்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் கற்றதை இங்கே சொல்லியாக வேண்டும். ஹ்லைங்தாயா பக்கம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். இங்கே பெரும்பாலும் துணியும் பட்டனும் வெளிநாட்டிலிருந்து வரும். வெட்டி, தைத்து, பெட்டி கட்டி அனுப்புவதுதான் இந்த ஊர் வேலை. வரிசையில் ஒருவருக்கு ஒரு வேலை. அவளுக்குச் சட்டைக்கை பொருத்துவது மட்டும். முழுச் சட்டை ஒன்றை அவள் வெட்டியதே இல்லை. ஆனால் அந்த ஒரு வேலையில் அவள் கை அவ்வளவு சுத்தம்! “பின்னாலே இழுக்காதீங்க அக்கா, பல்லு தானாத் தள்ளும். நீங்க வழி மட்டும் காட்டுங்க” என்று அவள் சொன்னது எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. துணியை இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி, ஊசித்துளைத் தட்டில் பட்டு முறியும். நான் அவளுக்கு அளவெடுக்கவும் வெட்டவும் காட்டினேன், அவள் எனக்குக் கை பொருத்தக் காட்டினாள். அவள் மாதிரி பெண்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். தனக்கென்று ஒரு முழு உடுப்பு வெட்டித் தைக்க அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

எஞ்சியில் முன்பக்கம் பட்டன் வைக்கிற இன்ஸி, பக்கவாட்டில் மூடுகிற இன்பொன் என்று இரண்டு வகை. முதலில் இன்ஸிதான். இன்பொன்னில் நெஞ்சுக்குக் குறுக்கே வருகிற மடிப்பு சரியாகப் படிய ரொம்ப நாள் ஆகும். சேலை ரவிக்கை அதற்கும் பிறகு. அளவு டேப்போடு போராடுவதைவிட, நன்றாகப் பொருந்தின பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் பிரித்து, தேய்த்து, செய்தித்தாளில் படியெடுத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு விட்ட ஓரமும் அதிலேயே இருக்கும். மூலைவாட்டில் (கிராஸில்) வெட்டின துண்டுகள் உடுத்தி உடுத்தி இழுபட்டிருக்கும், அவற்றை மட்டும் உடம்பு அளவோடு ஒத்துப் பாருங்கள். பிறகு கிழிந்த லோஞ்சித் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்த பிறகே நல்ல துணியில் கத்தரி வைக்கலாம்.

ரவிக்கையின் உயிர் கைக்குழியில்தான். கை தூக்கும்போது இறுக்கினால் குழியை இன்னும் ஆழமாக வெட்டத் தோன்றும். அப்படி வெட்டினால் இறுக்கம் கூடும். கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதும் மேலே ஏறும். குழி அக்குளை ஒட்டி உயர்ந்து இருந்தால்தான் கை தாராளமாக அசையும். கழுத்து வளைவிலும் இப்படி ஒன்று உண்டு: தைத்த பிறகு ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்துத் திருப்பினால்தான் வளைவு படியும். தையலைத் தொடாமல், அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

மிதி மிஷினில் நேர்த்தையல் மட்டும்தான், ஓரப் பிசிறைக் கட்டுகிற ஜிக்ஜாக் தையல் இல்லை. அது குறைதான். அதனால் “வாயில்” (voile) போன்ற மெல்லிய துணிகளுக்கு இரட்டைத் தையல் போடுகிறேன்: முதலில் நல்ல பக்கம் வெளியே தெரிய ஒட்டித் தைத்து, ஓரத்தை ஒட்ட நறுக்கி, திருப்பி, பிசிறு உள்ளே அடைபட இன்னொரு தையல். நேரம் பிடிக்கும். ஆனால் மழைக்காலத்தில் தினம் துவைத்தும் பிரியவில்லை.

தேய்ந்தவை: தோல் பெல்ட் நாளாக ஆக நீளும், கொஞ்சம் வெட்டி, துளை போட்டு, கம்பியை மறுபடி மாட்டினால் போதும். மே கடைசி முதல் அக்டோபர் வரை ஈரம் ஏறிப் பாபின் கூட்டில் துரு பிடிக்கும். பல்லுக்கு அடியில் சேரும் பஞ்சுதான் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பழைய பல்துலக்கியால் வாரா வாரம் தட்டிவிட்டு, எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் ஓட்டிய பிறகே நல்ல துணியை வையுங்கள். மலிவான பருத்தி நூல் ஈரத்தில் நைந்துவிடும். பாலியெஸ்டர் நூல் அப்படி இல்லை. ஊசி, மெல்லிய துணிக்கு 11, லோஞ்சிக்கு 14. தையல் விட்டு விட்டு விழுந்தால் எதையும் திருகுமுன் ஊசியை மாற்றுங்கள். காசு மிச்சம் இருந்தால் கத்தரியில் போடுங்கள். அதைத் துணி தவிர எதற்கும் எடுக்க விடாதீர்கள்.

கரண்ட் மிஷின் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டு மிஷினுக்கு 70 முதல் 100 வாட் போதும், இன்வெர்ட்டரில் ஓடும். பட்டன் துளை நிறையப் போடுகிறவர்களுக்கு அது நல்ல உதவி. கை பழகிய பிறகு வாங்கலாம். இன்பொன் மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை, நல்ல பட்டுத் துணியானால் தையற்காரரிடம்தான் கொடுக்கிறேன்.

பிள்ளைகளின் சீருடையோடு தொடங்குகிறவர்கள் பச்சைத் துணியையும் வெள்ளைத் துணியையும் பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். ஏப்ரல் நடுவில் கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும். போஜோக் சந்தைக்குப் போவதானால் திங்கட்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை. வாங்கின துணியை ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். மே மாத வெயிலில் வெட்டித் தைத்தால் ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகள் கையில் இருக்கும். வளர்கிற பிள்ளைகள், கீழ் மடிப்பில் நாலு விரல் தாராளமாக விடுங்கள்.