மிட்மார் அணைக்கரையில் இருவர் கேரவன்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடாலில் உள்ள மிட்மாருக்குக் கேரவனோடு போகிறவர்கள் எல்லோரும் முன்பதிவின்போது கேட்பது தண்ணீர் ஓரத்து ஸ்டாண்டைத்தான், அதாவது வண்டி நிறுத்தித் தங்கும் இடத்தை. அதை விட்டுவிட்டு இரண்டாம் வரிசையைக் கேளுங்கள். இரண்டு இரவுக்கு மேல் தங்கும் தம்பதியருக்கு அதுதான் சரிப்படும்.

மிட்மாரை ஏரி போல நினைத்துப் போகிறோம். ஆனால் அது உம்கேனி ஆற்றை மறித்துக் கட்டிய அணை. டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் குடிநீர் தருவது. அதனால் நீர்மட்டம் நிலையாக நிற்காது. மழைக்காலம் முடிந்தபின் கரை ஸ்டாண்டுக்கு அருகில் இருக்கும்; வறட்சி ஆண்டில் அதே ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் முன்னால் சேறும் புல்லும்தான். நீர் ஏறி இறங்கும் நிலத்தின் ஓரம் எப்போதும் இளகியே இருக்கும். மழை பெய்த இரவுக்குப் பிறகு ஜாக்கி வீல் (கேரவனின் மூக்கைத் தாங்கும் சிறு சக்கரம்) அச்சுவரை புதையும். தண்ணீர்மேல் ஓடி வரும் காற்றுக்கு முதல் வரிசையில் தடுப்பே கிடையாது. விடியற்காலைப் பனியும் அங்கேதான் அதிகம். இரண்டாம் வரிசையில் ஒரு மரமோ பக்கத்து வண்டியோ காற்றை உடைத்துவிடும். மின்பெட்டியும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்.

இங்கே சொல்பவை ஒற்றை அச்சு, இரண்டு படுக்கை, சாமான் ஏற்றினால் சுமார் 900 கிலோ வரும் சிறு கேரவனுக்கு. உள்ளே 40 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரி, கூரையில் 150 வாட் சோலார், 4.5 கிலோ கேஸ், 50 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சாதாரண கார் ஓட்டும் கோட் பி உரிமம் போதாது, கோட் இபி வேண்டும். வாங்கும் அவசரத்தில் பலர் இதைப் பார்ப்பதில்லை.

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கஷ்டமான பகுதி ஒன்றுதான்: பீட்டர்மரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் வரும் டவுன் ஹில். ஏற்றம், லாரிகள், பல நாட்களில் மூடுபனி. தொட்டியைக் காலியாக வைத்தே ஏறுங்கள். 50 லிட்டர் என்றால் 50 கிலோ, அணைக்கரையில் குழாய் இருக்கிறது. தொட்டி அச்சுக்குப் பின்னால் உள்ள மாடல்களில் நிரம்பிய தொட்டி, காரின் இழுவைப் பந்துமேல் விழும் எடையைக் குறைத்துவிடும். லாரி கடந்து போகும்போது கேரவன் வாலாட்ட ஆரம்பிப்பது பெரும்பாலும் இதனால்தான். குளியலறைத் தராசை ஜாக்கி வீலுக்கு அடியில் வைத்து அந்த எடையைப் பார்த்துக்கொள்ளலாம். 900 கிலோ வண்டிக்கு 60 முதல் 70 கிலோ சரியாக இருக்கும். உங்கள் காரின் டோபார் (இழுவைக் கம்பி) வரம்பையும் மீறக் கூடாது.

நிறுத்தும் திசை முக்கியம். நம் ஊர் கேரவன்களில் கதவும் ஆனிங்கும் (வெளியே விரிக்கும் துணிக்கூரை) இடப்பக்கம். மூக்கைக் கிழக்கே வைத்து நிறுத்தினால் கதவுப் பக்கம் வடக்கே பார்க்கும். ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே தாழ்வாகப் போவதால் ஆனிங்குக்குள் பகல் முழுக்க வெயில் வரும். குளிர்காற்றுத் திரள் (கோல்ட் ஃப்ரண்ட்) தென்மேற்கிலிருந்து வரும். அந்தக் காற்று கதவில்லாத பக்கத்தில் மோதி நின்றுவிடும். ஸ்டாண்டின் சரிவு இதற்கு ஒத்துவராவிட்டால் கொஞ்சம் கோணலாகவாவது நிறுத்துங்கள்.

மட்டம் பார்ப்பதில் வரிசை மாறக் கூடாது. முதலில் இடம்-வலம்: தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் ராம்ப் வைத்து ஏற்றி, இரண்டு சக்கரத்துக்கும் கட்டை போடுங்கள். பிறகு காரைக் கழற்றி, ஜாக்கி வீலால் முன்-பின் மட்டம். கடைசியில்தான் நான்கு மூலைக் கால்கள். அவை வண்டி ஆடாமல் பிடிப்பதற்கு, தூக்குவதற்கு அல்ல. அவற்றை வைத்து வண்டியைத் தூக்கினால் சேஸிஸ் முறுக்கிக்கொண்டு கதவு பூட்டாது. கால்களுக்கு அடியில் 30 சென்டிமீட்டர் சதுரத்தில் 20 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை போடுங்கள். கடையில் விற்கும் சிறு பிளாஸ்டிக் தட்டுகள் மிட்மார் மண்ணில் ஒரு மழைக்கே கீழே போய்விடும்.

மின்சாரத்தில்தான் அதிகத் தகராறு. நீல நிற மூன்று முனை 16 ஆம்ப் பிளக் என்பதற்காக முழுசாக 16 ஆம்ப் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் பிரேக்கரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 10 ஆம்ப் என்றால் 2,300 வாட்தான். 2,000 வாட் கெட்டிலும் 1,500 வாட் ஹீட்டரும் ஒன்றாக ஓடாது. கேபிள் மூன்று கோர், 2.5 சதுர மில்லிமீட்டர். 1.5 கேபிளில் 30 மீட்டருக்கு 15 ஆம்ப் இழுத்தால் 11 வோல்ட் அளவு வழியிலேயே போய்விடும், 2.5-இல் ஏழுக்கும் குறைவு. எந்தக் கேபிளானாலும் சுருளை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். சுருட்டி வைத்த கேபிளில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். இணைப்பு முனை புல்லில் கிடக்கக் கூடாது, ஒரு செங்கல் மேலாவது இருக்கட்டும்.

எர்த் லீக்கேஜ் (மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஸ்விட்ச்) திரும்பத் திரும்ப விழுந்தால், கேரவனுக்குள் எல்லா பிரேக்கரையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். அப்போதும் விழும், குழம்பிப்போவார்கள். ஒற்றை முனை பிரேக்கர் லைவ் கம்பியை மட்டும் துண்டிக்கிறது. நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டிருந்தால் பிரேக்கர் அணைந்திருந்தாலும் லீக்கேஜ் விழத்தான் செய்யும். எல்லாப் பொருளின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஈரம் புகுந்த கெட்டில் அடித்தட்டு, வெளியே வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி, பழைய கீசர் எலிமெண்ட், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி.

லோட்ஷெடிங் என்ற முறை மின்வெட்டு இப்போது ஓய்ந்திருந்தாலும் மின்வெட்டுக்குத் தயாராகவே போங்கள். கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்து சில நிமிடம் கழித்துச் செருகினால், வரும் வேகத்தில் வோல்டேஜ் துள்ளினாலும் சார்ஜர் பிழைக்கும். ஃபிரிட்ஜ் கோடையில் நாளுக்கு 35 முதல் 45 ஆம்ப்-மணி, குளிர்காலத்தில் அதில் பாதிக்குச் சற்று மேல் தின்னும். ஜூனில் மிட்மார் இருக்கும் மிட்லண்ட்ஸ் பகுதியில் நண்பகல் சூரியன் 37 டிகிரி உயரம்தான் ஏறும். கூரையில் படுத்துக்கிடக்கும் பேனல் தெளிவான நாளில்கூட 25 ஆம்ப்-மணி அளவே தரும். அதே பேனலைத் தரையில் வடக்கே பார்த்து 50 டிகிரி சாய்த்து வைத்தால் 35-ஐத் தாண்டும். கூரைப் பேனலுக்குச் செலவழிக்கும் முன் இதை யோசியுங்கள்.

லித்தியத்தில் இன்னொரு விஷயம்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, நல்ல பேட்டரியின் உள் மின்சுற்று தானே மறுத்துவிடும். மிட்மார் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஜூலையில் புல் வெளுத்துப்போகும் அளவுக்கு உறைபனி விழும். பேட்டரியை முன்பெட்டியில் வைக்காதீர்கள், படுக்கைக்கு அடியில் வையுங்கள். புதிய பாக்கி (பிக்கப்) வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜைத் தானே குறைத்துக்கொள்வதால் நேர்க் கம்பியில் லித்தியம் ஏறாது. அந்த வோல்டேஜைச் சரிசெய்து பேட்டரிக்குக் கொடுக்கும் 25 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் இருந்தால் டர்பனிலிருந்து வந்து சேர்வதற்குள் 25 ஆம்ப்-மணி ஏறிவிடும்.

குளிர் இரவில் ஜன்னலை எல்லாம் இறுக்கி மூடிப் படுப்பது இயல்பு. விடிந்தால் சுவரில் தண்ணீர் வழியும். இரண்டு பேர் மூச்சில் இரவுக்கு அரை லிட்டருக்கு மேல் ஈரம் வெளிவருகிறது, அது மெத்தையின் அடியில் போய்க் குளிரும். கூரை வென்ட்டை இரண்டு விரல் அகலம் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையும் சற்றே திறந்து வையுங்கள். கேஸ் அடுப்பையோ பிராய் (கரியில் சுடும் அடுப்பு) கரித்தட்டையோ உள்ளே கொண்டுவந்து குளிர் காய்வது உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

சமையல் முழுக்க வெளியே. மசாலாவை உள்ளே ஒரு முறை வதக்கினால் மெத்தை உறை அடுத்த பயணம் வரை மணக்கும். இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்குக் கீழேயே கொதித்துவிடுவதால் பருப்பும் சுகர் பீன்ஸும் திறந்த பாத்திரத்தில் வேக நேரமாகும், கேஸும் வீணாகும். ஐந்து லிட்டர் குக்கர் எடுத்துப் போங்கள். பீன்ஸை மூடி இறுகிய டப்பாவில் தண்ணீரோடு முந்தின இரவே ஊறவைத்துக் கிளம்பினால் மாலைக்கு ரொட்டியோடு பீன்ஸ் கறி தயார். 2 கிலோவாட் பர்னர் மணிக்கு 160 கிராம் அளவு எரிக்கும், இருவருக்கு 4.5 கிலோ சிலிண்டர் ஒரு வாரத்துக்கு மேல் தாராளம். கேஸ் ஹோஸில் அச்சடித்த தேதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டானால் வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

குரங்குகளைப் பற்றி நடால்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கொசுவலையை மட்டும் இழுத்துவிட்டு அப்ளூஷன் பிளாக்குக்கு (பொதுக் குளியலறை, கழிப்பறை) போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாழைப்பழமும் ரொட்டியும் கண்ணில் படவே கூடாது.

கோடையில் இடியும் ஆலங்கட்டியும் பிற்பகலில்தான். ஹௌவிக் அருவி பார்க்கக் கிளம்பும்போது வானம் நீலமாக இருந்தாலும் ஆனிங்கைச் சுருட்டிவிட்டே போங்கள். விரித்து வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு மூலைக் கம்பத்தை 20 சென்டிமீட்டர் தாழ்த்தி மழைநீர் வடிய வழி விடுங்கள். தேங்கும் நீரின் எடைதான் ஆனிங்கைத் தாங்கும் கையை வளைக்கும்.

கார்ப் பிடிக்கப் போகிறவர்கள் நன்னீர் மீன்பிடி உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். மீலி (சோள) மாவு இரையையும், இரையை முக்கும் டிப் பாட்டில்களையும் காரிலேயே வையுங்கள். கேரவனில் கொட்டினால் அந்த வாடை போகவே போகாது. கரைப் புல்லில் உட்கார்ந்து வந்தால் உண்ணி இருக்கிறதா என்று முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள்.

பல ஆண்டுப் பயன்பாட்டில் தேய்ந்தவற்றைப் பார்த்தால், மிட்மாரைவிட டர்பன்தான் இந்த வண்டியை அதிகம் தின்றிருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டு முற்றத்தில் மாதக்கணக்கில் நிற்கும்போது உப்புக்காற்று சேஸிஸைத் துருப்பிடிக்க வைக்கிறது, ஈரத்தால் மெத்தையில் பூஞ்சை பூக்கிறது. மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து, அலமாரிக் கதவுகளைத் திறந்துவிட்டு நிறுத்துங்கள். கூரை மூட்டில் விரிசல் கண்டால் பியூட்டைல் சீலண்ட் போடுங்கள். குளியலறை சிலிக்கான் வேண்டாம், அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது. டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு தயாரித்த ஆண்டு. ஆறு ஆண்டைத் தாண்டினால் டயரின் மேல்பள்ளம் நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். சக்கர பேரிங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறை புது கிரீஸ்.

பிப்ரவரியில் மிட்மார் மைல் நீச்சல் நடக்கும் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். 1974 முதல் நடக்கும் போட்டி, ஆயிரக்கணக்கானோர் நீந்த வருவார்கள், ஸ்டாண்டும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. திரும்பும்போது டவுன் ஹில் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் முழுக்க பிரேக்கில் கால் வைத்தே வந்தால் பாதியிலேயே தீய்ந்த வாடை அடிக்கும். அதன்பின் மிதித்தாலும் வண்டி சரியாக நிற்காது.