ஆள் கணக்கா, வேலைக் கணக்கா? அலுவலகத் துப்புரவு ஒப்பந்தம் போடும் முன்

"எத்தனை ஆள் சார் வேணும்?" சென்னையில் ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சிகளைக் கூப்பிட்டால் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். எத்தனை ரெஸ்ட்ரூம், தினமும் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நாமும் பழக்கதோஷத்தில் "பன்னிரண்டு ஆள், ஒரு சூப்பர்வைசர்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. போன வருடமும் அதுதான்.

சொந்த ஆட்களை வைத்துக்கொள்வது ஒரு வழி. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் அதுவே நல்லது என்பேன். எந்தக் குழாய் எப்போது ஒழுகும் என்பது வரை கட்டடம் அவர்களுக்கு அத்துப்படி. ஐந்து மாடி வாடகை அலுவலகத்துக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே ஒப்பந்தம்தான். அதை ஆள் கணக்கில் போடுவதா, வேலைக் கணக்கில் போடுவதா என்பதில்தான் கட்டடத்தின் சுத்தமும் வேலை செய்பவர்களின் வயிறும் அடங்கியிருக்கின்றன.

ஆள் கணக்கில் ஒரு பெரிய நன்மை உண்டு: எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், பி.எஃப். சலான் மூன்றையும் பெயர் பெயராக ஒப்பிடலாம். கூலி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆனால் நாம் காசு கொடுப்பது வந்து நின்றதற்கு, சுத்தத்துக்கு அல்ல.

நான் பார்த்துக்கொண்ட ஒரு கட்டடத்தில் காலை பதினொரு மணிக்கு மூன்றாம் மாடி ரெஸ்ட்ரூம் கதவில் தொங்கிய செக்லிஸ்ட்டைப் பார்த்தேன். மதியம் மூன்று மணிக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது.

"என்னக்கா, மூணு மணி கையெழுத்து இப்பவே இருக்கே?"

"மத்தியானம் என்னை கேன்டீனுக்கு அனுப்பிடுவாங்க சார். இங்க வர ஆள் இல்ல. தாள் காலியா இருந்தா சூப்பர்வைசர் சத்தம் போடுவாரு."

அந்த அக்கா மேல் தப்பே இல்லை. செய்ய முடியாத அட்டவணையைப் போட்டுக் கொடுத்தது நான்தான்.

அன்றைக்குத்தான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். முழுசாகக் கழுவித் துடைக்க ஒரு டாய்லெட்டுக்கோ வாஷ்பேசினுக்கோ 3 நிமிடம் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகப் புழங்கும் கணக்கு. ஒரு ரெஸ்ட்ரூமில் அப்படி 15 இருந்தால் 45 நிமிடம். ஐந்து மாடியில் பத்து ரெஸ்ட்ரூம்: ஒரு முறை முழுசாகக் கழுவ 450 நிமிடம், அதாவது ஏழரை மணி நேரம். நடுவில் நாளுக்கு ஆறு முறை பத்துப் பத்து நிமிடம் எட்டிப் பார்த்துத் துடைக்க இன்னும் 10 மணி நேரம். ஆக பதினேழரை. சாப்பாடு, டீ போக ஒருவர் உருப்படியாக வேலை செய்வது ஏழு மணி நேரம் என்றால், ரெஸ்ட்ரூமுக்கு மட்டுமே மூன்று பேர் வேண்டும். நான் போட்டிருந்தது இரண்டு பேர்.

வேலைக் கணக்கு என்பது இந்தக் காகிதத்தையே ஒப்பந்தமாக்குவது. எந்த இடம், எத்தனை முறை, எந்தத் தரம் என்று எழுதிவிடுவது. அமெரிக்கக் கல்வி வளாகங்களின் பராமரிப்பு நிர்வாகிகள் சங்கமான ஆப்பா, சுத்தத்தை 5 நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் நிலை பளிச்சென்ற சுத்தம், ஐந்தாவது கவனிப்பாரற்ற நிலை. லாபிக்கு இரண்டு, பின்பக்கப் படிக்கட்டுக்கு மூன்று என்று முன்பே பேசிக்கொண்டால் "சுத்தமா இல்லையே" என்ற வாய்ச்சண்டை பாதி குறையும். கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, சமையலறைக்குப் பச்சை என்ற நிறப் பிரிவினையையும் இதிலேயே எழுதிவிடலாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு கட்டடத்தில் அப்படியே போட்டோம், மாதாமாதம் தரத்துக்கு மதிப்பெண், அது குறைந்தால் அபராதம் என்றும் சேர்த்தோம். மூன்றே மாதத்தில் ஏஜென்சி இரண்டு பேரைக் குறைத்துவிட்டது. ஆள் எண்ணிக்கை ஒப்பந்தத்தில் இல்லாததால் கேட்க வழியில்லை. இருந்தவர்கள் ஓடி ஓடிச் செய்தார்கள். மதிப்பெண் இறங்கிய மாதம் நாங்கள் பில்லில் பிடித்த அபராதத்தை ஏஜென்சி அவர்கள் சம்பளத்தில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பிடித்துவிட்டது. ஒரு அம்மா சம்பளச் சீட்டை நீட்டி, "நான் என்ன சார் அழுக்கு விட்டேன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் எழுதிய ஷரத்துதான் அவர் கூலியைத் தின்றிருந்தது.

அதனால் இன்றைக்கு என் முடிவு இது: தரத்தை வேலைக் கணக்கில் அளக்க வேண்டும், கூலியை ஆள் கணக்கில் கொடுக்க வேண்டும். பில்லை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாம் ஒரு பகுதி; எத்தனை பேர் வந்தார்களோ அத்தனை பேருக்கு அப்படியே போகும். ஏஜென்சியின் சேவைக் கட்டணம் தனிப் பகுதி; மதிப்பெண்ணும் அபராதமும் அதை மட்டும்தான் தொடும். ஆளைக் குறைத்தால் ஏஜென்சிக்கு ஒரு பைசா மிச்சமாகாது, தரம் இறங்கினால் லாபம் போகும். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஒப்பந்தம் கொடுத்த நாம், கொடுத்தாக வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அதனால் இந்தப் பிரிவினை நமக்கும் பாதுகாப்பு.

டெண்டர் திறக்கும் அன்று நான் பார்ப்பது மிகக் குறைந்த விலையை அல்ல. சம்பளம் 15,000 என்று வையுங்கள். முதலாளி பங்காக பி.எஃப். 12% என்றால் 1,800. இ.எஸ்.ஐ. 3.25% என்றால் 488. போனஸ் குறைந்தபட்சம் 8.33%, சுமார் 1,250. ஜி.எஸ்.டி.க்கு முன்பே 18,538 வந்துவிட்டது. ஏழு நாளும் ஓடும் கட்டடமென்றால் ஆறு பேரின் வார விடுமுறையை ஈடுகட்ட ஏழாவதாக ஒரு ரிலீவர் வேண்டும். அவர் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கையும் இதோடு சேர்க்க வேண்டும். அப்புறம்தான் யூனிஃபார்ம், மாப், சுத்தம் செய்யும் மருந்து, லாபம். ஆளுக்கு 18,000 என்று ஒரு கவர் வந்தால், அந்த வித்தியாசம் யார் பாக்கெட்டிலிருந்து வரப்போகிறது என்று கூட்டத்திலேயே கேட்டுவிட்டு, அந்தக் கவரைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன்.