நிப்பிள் உள்ள குரோஸா, மூடின குரோஸா? படுவான்கரையில் ஓடுகிற லொறிக்கு எது சரி

லொறியின் கியர் பொக்ஸிலிருந்து பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது புரொப்பெலர் ஷாஃப்ட், அதன் மூட்டில் இருக்கிற நான்கு கை வைத்த சாமான்தான் குரோஸ். அது தேய்ந்துபோய் கடைக்குப் போனால் இரண்டு வகையை எடுத்து வைப்பார்கள். ஒன்று கிரீஸ் அடிக்கிற சிறிய வாய், அதாவது நிப்பிள் உள்ள பழைய மாதிரி. மற்றது நிப்பிளே இல்லாதது, கிரீஸை உள்ளே நிரப்பி சீல் வைத்தே வருவது. எது நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது லொறி எந்த ரோட்டில் ஓடுகிறது என்பதைத்தான்.

மூடின குரோஸ் மட்டமான சாமான் இல்லை. நிப்பிள் உள்ளதில் கிரீஸ் போவதற்காக நான்கு கைகளுக்குள்ளும் துளை போட்டிருப்பார்கள், அந்தத் துளை இல்லாத குரோஸ் அதே அளவிலேயே கூடுதல் பலமாக இருக்கும். அரிசி ஏற்றிக்கொண்டு காபட் ரோட்டிலேயே கொழும்புக்குப் போய்வரும் லொறி, அதுவும் டிரைவர் அடிக்கடி மாறி யாரும் கிரீஸ் கன்னைத் தொடாத லொறி என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடுங்கள்.

ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மண்ணும் நெல்லும் ஏற்றுகிற டிப்பரின் கதை வேறு. மாரி தொடங்கினால் கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டில் தண்ணீர் ஏறிவிடும், ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிற தாம்போதிகளில் ஷாஃப்ட் நனையாமல் போகவே முடியாது. ஓடிச் சூடான குரோஸ் திடீரென்று தண்ணீரில் தாழும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடின குரோஸில் அப்படிப் போன தண்ணீரை வெளியே தள்ள வழியே கிடையாது. நிப்பிள் உள்ளதில் புதுக் கிரீஸ் அடித்தால் பழைய கிரீஸோடு சேர்ந்து தண்ணீரும் சேறும் வெளியே வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கே என் வாக்கு நிப்பிளுக்குத்தான்.

கிரீஸ் அடிக்கிற விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். குரோஸின் ஒவ்வொரு கை முனையையும் ஒரு கப் மூடியிருக்கும்; இரண்டு பம்ப் அடித்து ஒரு கப்பில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் துணியால் துடைத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். நான்கு கப்பிலும் புதுக் கிரீஸ் வெளியே வரவேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லையென்றால் அந்தக் கப்பின் போல்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி அடியுங்கள், அப்புறம் மறக்காமல் இறுக்குங்கள். காற்றில் வேலை செய்யும் கன்னை விடக் கைக் கன் நல்லது, ஒரேயடியாக அழுத்தினால் சீல் பிய்ந்துவிடும். தண்ணீரில் இறங்கி ஏறின நாளிலேயே அடித்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று விட்டால் அதற்குள் துரு தொடங்கிவிடும்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கப்பின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. கிளட்சை விடும்போது டக் என்று சத்தம் கேட்டாலும் குரோஸைத்தான் முதலில் பாருங்கள். கப்புக்குள் இருக்கிற ஊசி போன்ற மெல்லிய உருளைகள் முழுதாகச் சுற்றாமல் முன்னும் பின்னும் ஆடுவதால் ஒரே இடத்தில் கோடு கோடாகப் பள்ளம் விழும், கழற்றிப் பார்க்கும்போது நகத்தால் தடவினால் தட்டுப்படும். தட்டுப்பட்டால் எவ்வளவு கிரீஸ் அடித்தும் பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பெட்டியில் பெயரே இல்லாத மலிவான குரோஸும் கிடைக்கும். லோட் ஏற்றுகிற வண்டிக்கு அதைப் போடவே போடாதீர்கள்.

எந்த வகையைப் போட்டாலும் ஒரு விஷயம் பொது, இதைப் பலர் யோசிப்பதில்லை. எல்ஃப், கண்டர் மாதிரி சிறிய லொறிகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் சில்லில் இல்லை, கியர் பொக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்டில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் குரோஸ் உடைந்து ஷாஃப்ட் விழுந்தால் ஹேண்ட் பிரேக்கும் அதோடு போய்விடும், கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது. செங்கலடி பதுளை ரோட்டில் பிபிலைக்கு அப்பால் ஏற்றத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கராஜில் ஷாஃப்டைக் கழற்றும்போதும் இதேதான், மெக்கானிக் பாஸ் வண்டிக்கு அடியில் படுக்கும் முன்பு பின் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தாயிற்றா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.