வீட்டிலேயே ரெசின் ஏற்றிய மரம்: தூண்டில் ராடில் சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நான் கட்டும் தூண்டில் ராடுகளில் ரீல் சீட்டின் (ரீலை மாட்டும் இடம்) நடு மரத்துக்கும் அடிக் குமிழுக்கும் ரெசின் ஏற்றிய, அதாவது நுண்துளைகளில் திரவ ரெசினைப் புகுத்தி இறுகவைத்த, கட்டையைத்தான் சில வருடங்களாகப் போடுகிறேன். பூஞ்சை ஓடிக் கருங்கோடு விழுந்த மேப்பிள் பார்க்க அள்ளும். ஆனால் லேத்தில் மாட்டினால் பொலபொலவென்று உதிரும். அந்த மாதிரி மரத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் முதலில் கேட்பது மரத்திலுள்ள காற்றை உறிஞ்சியெடுக்கும் வேக்குவம் பம்ப்பைப் பற்றி. என்னைக் கேட்டால் பாதி வெற்றி மரத்தைக் காயவைப்பதில் இருக்கிறது. நிழலில் வருடக்கணக்கில் கிடந்த கட்டையிலும் ஈரம் இருக்கும். 104 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்து, எடை குறைவது நிற்கும்வரை திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் காற்றுப் புகாத பையில் போட்டு ஆறவிட வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சூட்டோடு ரெசினில் போட்டால் ரெசின் அங்கேயே இறுகத் தொடங்கிவிடும்.

நான் வாங்குவது கேக்டஸ் ஜூஸ் என்ற பிராண்டு மாதிரி சூட்டில் இறுகும் ரெசின். மூடிய பாத்திரத்தில் கட்டையை ரெசினில் மூழ்கவிட்டு, மிதக்காமல் மேலே பாரம் வைத்துப் பம்ப்பைப் போட்டால் முதலில் நுரை பொங்கும், பிறகு நூல் நூலாகக் குமிழி வரும். அது நிற்கும்வரை பொறுமை வேண்டும். பம்ப்பை நிறுத்திக் காற்றை உள்ளே விட்டதும் வேலை முடிந்தது என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் காற்றழுத்தம் ரெசினை உள்ளே தள்ளுவதே அதற்குப் பிறகுதான். பம்ப் ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்காவது ஊறவிடுவேன். கடைசியில் ஃபாயிலில் சுற்றி, 93 டிகிரி ஓவனில், கட்டையின் நடுப்பகுதியும் அந்தச் சூட்டுக்கு வரும்வரை வைக்கிறேன். வாடை தலையைப் பிடிக்கும், ஜன்னலைத் திறந்தே வையுங்கள். சமையல் ஓவன் வேண்டவே வேண்டாம்.

பலன்? ரீல் சீட்டின் உலோக வளையமும் மரமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். ரெசின் ஏற்றாத பழைய ராடில் மழைக்காலத்தில் ஒரு விளிம்பு, வெயில் காலத்தில் ஒரு பள்ளம் தட்டும். இதில் நகம் வழுக்கிக்கொண்டு போகிறது. பாலிஷும் அவ்வளவாக மங்கவில்லை. ஆனால் நீர் அறவே புகாது என்று நம்பிவிடாதீர்கள். ராட் நுழையும் துளையின் உள்பக்கத்துக்கும் இரு முனைகளுக்கும் மெல்லிய எபாக்சி பூசியே ஒட்டுகிறேன். ஒட்டும் முன் அந்தப் பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். கடையும்போது முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள், தூள் மாவு போலப் பறக்கும்.

கருங்காலி, ஈட்டி போன்ற கனத்த, எண்ணெய்ப் பசையுள்ள மரங்களுக்கு இது வீண் செலவு. ரெசின் உள்ளே போகாது, அவற்றுக்கு அது தேவையும் இல்லை.

குறை என்றால் கனம்தான். பஞ்சு போன்ற கட்டை ரெசின் குடித்தபின் இரு மடங்கு எடைக்கும் போகும். ஸ்பின்னிங் ராடில் அது கையில் தெரிவதில்லை, சில நேரம் நுனிக் கனத்தைச் சமன்கூடச் செய்கிறது. லேசான ஃப்ளை ராடில் அடிக் குமிழை மட்டும் கார்க்கிலேயே விட்டுவிடுகிறேன்.