கையடக்க ஜி.பி.எஸ்.: பல வருட உபயோகத்துக்குப் பிறகு

இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், கடலில் விழுந்தால் மிதக்கும் வகை செட்டைப் பற்றியது இது. ஃபைபர் படகில் வருடக்கணக்காக உப்புக்காற்றில் கிடந்தாலும் இடம் காட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வானம் திறந்திருந்தால் ஐந்து மீட்டர் அளவுக்குள் நிற்கும். இடம் தப்புவது பெரும்பாலும் தீர்க்கரேகையை நோட்டில் எழுதி, இன்னொரு செட்டில் ஏற்றும்போதுதான்.

பாக் கடலில் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் குறித்த எல்லைப் புள்ளிகளில் ஒன்று 9°21.80′ வடக்கு, 79°30.70′ கிழக்கு. இது டிகிரியும் தசம மினிட்டும். கடல் செட்டுகள் பெரும்பாலும் வாங்கும்போதே இந்த முறையில்தான் இருக்கும். போன் மேப் அதே தீர்க்கரேகையை 79.51167 என்று தசம டிகிரியில் காட்டும். செகண்ட் முறையில் அது 79°30′42″. மூன்றும் ஒரே கோடு.

செட் தசம டிகிரியில் இருப்பதைக் கவனிக்காமல் 79.3070 என்று அடித்தால் 79°18.42′ ஆகிவிடும். எல்லை அலாரம் சுமார் 22 கிலோமீட்டர் மேற்கே, ராமேஸ்வரம் தீவின் தீர்க்கரேகையில் போய் உட்காரும். 30.70 என்பதில் ஒரு வசதி உண்டு: செகண்ட் 59-ஐத் தாண்டாது என்பதால் 70-ஐப் பார்த்ததுமே தசமம் என்று புரியும். 18.50-இல் அந்தத் துப்பு கிடையாது. அதை 18 மினிட் 50 செகண்ட் என்று எடுத்தால் கிழக்கே 600 மீட்டர் தள்ளிப்போகும். தேடிப்போன பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு) கிடைக்காது. போன் எண்ணை மாற்ற, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் 60-ஆல் பெருக்குங்கள்: 0.51167 × 60 = 30.70.

செட்டிங்கில் டேட்டம், அதாவது அட்சரேகை தீர்க்கரேகையை அளக்க அடிப்படையாக வைக்கும் பூமி அளவீடு, டபிள்யூ.ஜி.எஸ். 84 என்றே இருக்கட்டும். பழைய எவரெஸ்ட் டேட்டத்துக்கு மாறிவிட்டால் தென்னிந்தியப் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் பிசகும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. பழைய கடல் வரைபடத்தில் குறிக்கும் முன் அதில் அச்சிட்டிருக்கும் டேட்டம் குறிப்பையும் படியுங்கள். தூரத்தை அளக்க வரைபடத்தின் பக்கவாட்டு அட்சரேகை அளவுகோல்தான். கீழே உள்ள தீர்க்கரேகை மினிட், 9 டிகிரியில் 1,833 மீட்டர். பக்கவாட்டு அளவுகோலின் ஒரு மினிட்டைக் கடல் மைலாக எடுப்போம், அது 1,852. நம் பக்கம் வித்தியாசம் சிறிது, வடக்கே போகப்போகப் பெரிதாகும்.

பழைய செட் சுமார் இருபது வருடம் பின்தங்கிய தேதியைக் காட்டினால் குப்பையில் போட வேண்டாம். ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. இடம் பொதுவாகச் சரியாகவே வரும். செட் சொல்லும் சூரிய உதயத்தையும் ஓத நேரத்தையும் மட்டும் நம்பாதீர்கள்.

தேய்வது உடம்புதான். ரப்பர் பட்டன் பிசுபிசுத்து வெடிக்கும், பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறும். கரைக்கு வந்ததும் மூடியை இறுக்கி நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் செட்டிங்கில் வகையையும் மாற்றவும், இல்லையென்றால் 1.2 வோல்ட்டைப் பார்த்துவிட்டு, சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் கத்தும்.

ஆபத்தில் வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலிலோ கடலோரக் காவல்படையின் 1554 போன் எண்ணிலோ இடம் சொல்லும்போது தீர்க்கரேகை டிகிரிக்கு மூன்று இலக்கம், அட்சரேகைக்கு இரண்டு. "சைபர் ஏழு ஒன்பது டிகிரி, மூன்று சைபர் பாயிண்ட் ஏழு சைபர் மினிட், கிழக்கு." அந்த 'பாயிண்ட்'டை விழுங்கிவிடாதீர்கள்.